‘ரிசர்வேஷன்’ என்றால் இட ஒதுக்கீடா?

“மெனாமினி பழங்குடியினர் இட ஒதுக்கீட்டில் வறுமை அதிகம்; சோமாலியக் குடியிருப்புகளிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே.”

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மெனாமினி என்ற பூர்வகுடி மக்களையும், பக்கத்து மின்னசோட்டாவில் குடியேறியிருக்கும் சோமாலியரையும் பொருளாதார நிலையில் ஒப்பிடும் ஒரு கட்டுரையின் தமிழாக்கத்தில் வந்த வரி இது. ஆங்கில மூலத்தில் இருந்த சொல் ‘ரிசர்வேஷன்’, அதாவது பூர்வகுடிகள் தமக்கென வைத்திருக்கும் நிலப்பகுதி. தமிழ்நாட்டில் யாரிடமாவது இதைப் படித்துக் காட்டுங்கள். எஸ்.டி. கோட்டாவில் வேலையோ கல்லூரி இடமோ வாங்கியவர்களைப் பற்றிய செய்தி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. ‘பழங்குடியினர்’, ‘இட ஒதுக்கீடு’ இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் தமிழில் அதற்கு ஒரே பொருள்தான். எந்திர மொழிபெயர்ப்போ ‘மெனாமினி முன்பதிவு’ என்கிறது, ரயில் டிக்கெட் போல. அதையாவது பிழை என்று பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம். ‘இட ஒதுக்கீடு’ பொருள் பொருந்துவதுபோலத் தோன்றிக்கொண்டே தவறாக நிற்கிறது. அதனால்தான் அது கூடுதல் தீங்கு.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘ரெசெர்வாரே’. ‘ரெ’ என்றால் பின்னே, ‘செர்வாரே’ என்றால் காத்து வைத்தல். கொடுக்காமல் பின்னே நிறுத்திக்கொள்வது என்பது மூலப் பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து நிலப் பத்திரங்களில் சட்டச் சொல்லாக நிலைத்தது. நிலத்தை விற்பவர், “இந்தப் பாதையும் இந்தக் கிணற்று நீரும் என்னுடையதாகவே இருக்கும்” என்று எழுதி வாங்கிக்கொள்வதுதான் அங்கே ரிசர்வேஷன். பூர்வகுடிகளின் ஒப்பந்தங்களுக்குள் இந்தச் சொல் நுழைந்ததும் இதே பொருளில்தான்: பரந்த நிலத்தை விட்டுக்கொடுத்த ஒரு மக்கள், கொடுக்காமல் தமக்கென்று நிறுத்திக்கொண்ட பகுதி.

1905இல் யாக்கமா என்ற இன்னொரு பூர்வகுடி மக்களின் மீன்பிடி உரிமை பற்றிய வைனன்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகவே சொன்னது. ஒப்பந்தம் பூர்வகுடிகளுக்கு உரிமைகளை வழங்கவில்லை. உரிமைகளை வழங்கியவர்கள் பூர்வகுடிகள்தான். வழங்காதவை அவர்களிடமே நின்றன. தீர்ப்பின் சாரம் இது. யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர்.

‘ஒதுக்கீடு’ இந்தத் திசையை அப்படியே புரட்டிப் போட்டுவிடுகிறது. ஒதுங்குதல் தானாக விலகுவது. ஒதுக்குதல் இன்னொருவர் எடுத்துத் தனியே வைப்பது. பட்ஜெட்டில் நிதி ஒதுக்குகிறார்கள், வாரியம் வீடு ஒதுக்குகிறது, ஊர் ஒருவரை ஒதுக்கி வைக்கிறது. எல்லாவற்றிலும் அதிகாரம் ஒதுக்குகிறவர் கையில். பெறுகிறவர் காத்திருக்கிறார். ‘மெனாமினி ஒதுக்கீடு’ என்று எழுதினால் அமெரிக்க அரசு மனமிரங்கி ஒரு துண்டு நிலம் போட்டது என்றுதான் தமிழ் வாசகர் மனத்தில் பதியும். ‘இட ஒதுக்கீடு’ இன்னும் மோசம். நம் வழக்கில் அதிலுள்ள ‘இடம்’ வேலையிடமும் கல்லூரியிடமும்தான், மண் அல்ல. 1927இல் நடைமுறைக்கு வந்த வகுப்புவாரி அரசாணை முதல் இன்றைய 69 விழுக்காடு வரை ஒரு பெரும் அரசியல் வரலாற்றைத் தாங்கி நிற்கும் சொல் அது. அதை வேறொரு நாட்டின் நில உரிமைக்குத் தூக்கிக் கொடுத்தால் இரண்டு வரலாறும் கெடும்.

இங்கே ஒரு மறுப்பு வரும், வலுவான மறுப்புதான். மெனாமினிகளின் 1854 ஒப்பந்த வாசகத்தில், உல்ஃப் ஆற்றோரத்து நிலத்தை அரசு அவர்களுக்குத் ‘தருவதாக’வே எழுதியிருக்கிறது. தந்தது என்றால் ஒதுக்கீடுதானே?

அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். மெனாமினிகளின் மூதாதையர் நிலம் ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர். ஒப்பந்தத்துக்குப் பின் ஒப்பந்தமாக அது கரைந்து, 1848இல் விஸ்கான்சினில் மிச்சமிருந்ததையும் எழுதிக் கொடுக்க வைத்தார்கள். மாற்றாக மின்னசோட்டாவில் குரோ விங் ஆற்றுப் பக்கம் நிலம். தலைவர் ஆஷ்காஷும் மற்றவர்களும் அதைப் பார்த்துவிட்டு, அங்கே போக முடியாது என்று மறுத்தார்கள். வாஷிங்டனுக்கே போய் வாதாடினார்கள். கடைசியில் 1854இல் குரோ விங் நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தங்கள் பழைய நிலத்துக்குள்ளேயே இருந்த 2,76,480 ஏக்கரை மீட்டுக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து அதில் ஒரு பகுதி ஸ்டாக்பிரிட்ஜ்-மன்சீ என்ற வேறொரு பூர்வகுடி மக்களுக்குப் போனது. இன்று கையிலிருப்பது சுமார் 2,35,000 ஏக்கர். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவதற்குத் தமிழில் பரிவர்த்தனை என்று பெயர். பத்திர எழுத்தர் எவரும் அதை ஒதுக்கீடு என்று எழுத மாட்டார். 1871க்குப் பிறகு ஒப்பந்தம் போடுவதையே அமெரிக்க அரசு நிறுத்திவிட்டதால், வேறு சில மக்களின் நிலங்கள் குடியரசுத் தலைவர் ஆணையால் குறிக்கப்பட்டதும் உண்டு. அந்த இடங்களில் ‘ஒதுக்கிய நிலம்’ என்பது பொருந்தலாம். விதிவிலக்கை வைத்துப் பொதுச்சொல் அமைக்க முடியாது.

‘ஒதுக்கீடு’க்கு எதிராக இன்னொரு காரணம் உண்டு. எனக்கு எல்லாவற்றிலும் இதுவே பெரிது. அந்தச் சொல் வேறொன்றுக்கு வேண்டும். 1887இல் டாஸ் சட்டம் என்று ஒன்று வந்தது. பூர்வகுடிகள் பொதுவில் வைத்திருந்த நிலத்தைத் துண்டு போட்டு, தலைக்கு இத்தனை ஏக்கர் என்று தனித்தனியே ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதை வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. 1887இல் 13.8 கோடி ஏக்கராக இருந்த பூர்வகுடி நிலம் 1934இல் 4.8 கோடிக்குச் சுருங்கியது. இதற்கு ஆங்கிலப் பெயர் ‘அலாட்மென்ட்’. தமிழில் இதுதான் அச்சு அசலாக ‘ஒதுக்கீடு’. மெனாமினி வரலாற்றின் மையமே அவர்கள் இந்த ஒதுக்கீட்டை ஏற்க மறுத்தார்கள் என்பதுதான். காடு துண்டாகாமல் பொதுச் சொத்தாகவே நின்றது. 1908இல் அவர்கள் நிலத்திலுள்ள நியோபிட் ஊரில் மர அறுவை ஆலை வந்தது. அளந்து வெட்டி, வளரவிட்டு, மறுபடி வெட்டுகிறார்கள். இத்தனை காலம் வெட்டியும் இன்று அங்கே நிற்கும் மரத்தின் அளவு 1854இல் நின்றதைவிட அதிகம் என்பது வனவியல் படிப்பவர்கள் அறிந்த செய்தி. இப்போது நம் மொழிபெயர்ப்பாளர் எழுத வேண்டிய வாக்கியம்: “மெனாமினி ஒதுக்கீடு, ஒதுக்கீட்டிலிருந்து தப்பியது.” எப்படி எழுதுவார்?

சரி, மாற்று என்ன? ‘காப்பு நிலம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ‘ரிசர்வ் ஃபாரஸ்ட்’டைக் காப்புக்காடு என்கிறோமே, அதே தடத்தில் வந்தது. தூய தமிழும்கூட. ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. காப்புக்காடு என்பது அரசு எல்லைக்கல் நட்டு, அதுவரை அங்கே விறகு பொறுக்கி, தேனெடுத்து, மாடு மேய்த்தவர்களை வெளியே நிறுத்தும் காடு. காவல் வனத்துறையுடையது. மெனாமினி நிலத்தில் மக்கள் உள்ளே இருக்கிறார்கள், சொந்த அரசும் சட்டமன்றமும் நீதிமன்றமும் வைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு, காப்பாளர் என்று இருந்த கூட்டாட்சி அரசே அவர்களுடைய காட்டைச் சரியாகப் பேணவில்லை என்ற வழக்கில் 1951இல் 85 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டிவந்தது. அந்த நிலத்துக்குக் ‘காப்பு’ என்று பெயர் வைப்பதா? இன்னும் சிலர் ‘பழங்குடியினர் காலனி’ என்கிறார்கள். குடியேற்றத்தால் நிலமிழந்தவர்களின் ஊருக்குக் காலனி என்று பெயர்! அதை விவாதிக்கவே வேண்டாம்.

நம் பத்திரங்களிலேயே சொல் இருக்கிறது. கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை சொல்லி, “இதில் தென்புறம் உள்ள பொதுப்பாதை நீங்கலாக” என்று எழுதுவார்கள். சோழர் கல்வெட்டுகளிலும் ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லி, நத்தமும் குளமும் வாய்க்காலும் இன்ன இன்னவை ‘நீக்கி’ என்று கணக்கு வரும். கொடுத்ததில் சேராமல் நின்றது எதுவோ அது நீங்கல். ஆகவே ‘நீங்கல்நிலம்’ என்கிறேன். ‘நீங்குதல்’ என்றால் விட்டுப்போதல் அல்லவா, குழப்பாதா என்று கேட்கலாம். “ஞாயிறு நீங்கலாக எல்லா நாளும்” என்று கடைப்பலகையில் படிக்கிற எவருக்கும் குழப்பாது. ஒப்பந்தத்தில் நீங்கலாக நின்ற நிலம், நீங்கல்நிலம். கொடுத்தவர் யார் என்ற கேள்வியைச் சொல்லே எழுப்பிவிடுகிறது.

இதெல்லாம் சொல் பிடித்துச் சண்டை என்று நினைக்க வேண்டாம். அந்த ஒப்பீட்டுக் கட்டுரையின் முடிவே சொல்லைப் பொறுத்து மாறுகிறது. வருமானப் புள்ளிவிவரத்தை மட்டும் வைத்தால் இரு மக்களும் ஏழைகள். ஆனால் அந்த ஏழ்மைகள் வேறு வேறு.

1991இல் சோமாலியாவில் சியாத் பாரே அரசு கவிழ்ந்து உள்நாட்டுப் போர் முற்றிய பிறகு அகதிகளாக வந்தவர்கள் சோமாலியர். மின்னசோட்டாவின் மினியாபொலிஸ் நகரில் சீடர்-ரிவர்சைடு பகுதி அடுக்ககங்களில் இருக்கிறார்கள். அதே மாநிலத்து வில்மர் ஊரிலும் விஸ்கான்சினின் பாரன் ஊரிலும் வான்கோழி இறைச்சி ஆலைகளில் வேலை செய்யப் போனார்கள். அவர்களுக்கு நிலம் இல்லை, கூலி உண்டு. அந்தக் கூலியிலும் ஒரு பங்கு மாதாமாதம் ஊருக்குப் போகிறது. வங்கிகள் நொறுங்கிப்போன நாட்டுக்குப் பணம் அனுப்பும் அந்த அமைப்பை அவர்கள் ‘ஹவிலாத்’ என்பார்கள். நம் பத்திரிகைகள் அதை ‘ஹவாலா’ என்று எழுதி, கறுப்புப் பணச் செய்தியாக்கிவிடுகின்றன. பெண்கள் கூடி ‘ஆயூத்தோ’ போடுகிறார்கள்: மாதம் ஒரு தொகை கட்டி, முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுப்பது. ஏலம் இல்லாத நம் சீட்டேதான். இதற்கும் ‘சுழற்சிச் சேமிப்புக் கடன் சங்கம்’ என்று ஒரு தமிழாக்கம் பார்த்தேன். சீட்டு என்ற சொல் தெரியாத தமிழர் யார்?

மெனாமினிகள் நேர் எதிர். நிலம் உண்டு, காடு உண்டு. ஆனால் அது எல்லாருக்கும் பொது. காட்டின் மதிப்பு எந்தக் குடும்பத்தின் வருமானக் கணக்கிலும் முழுதாக வராது. நிலம் கூட்டாட்சி அரசின் பொறுப்பில் இருப்பதால் எளிதில் அடகு வைக்க முடியாது. வீட்டுக்கடன் கிடைப்பது பெரும்பாடு. வட்டி இஸ்லாத்தில் விலக்கப்பட்டது என்பதால் சோமாலியரிலும் பலர் வீட்டுக்கடன் பக்கம் போவதில்லை. இரண்டு இடத்திலும் சொந்த வீடு குறைவு என்று அட்டவணை ஒரே வரியில் சொல்லிவிடும். காரணங்கள் எங்கேயோ இருக்கின்றன.

நீங்கல்நிலம் போனால் என்ன ஆகும் என்பதையும் மெனாமினிகள் பட்டுப் பார்த்தவர்கள். 1954இல் அமெரிக்கக் காங்கிரஸ் அவர்களுடைய பூர்வகுடி அங்கீகாரத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. (‘டெர்மினேஷன் சட்டம்’. இதைப் ‘பணிநீக்கச் சட்டம்’ என்று பெயர்த்தவர்களும் உண்டு. அங்கீகார ஒழிப்புச் சட்டம் என்றால் போதும்.) 1961இல் அது நடைமுறைக்கு வந்தது. நிலம் மெனாமினி மாவட்டம் என்றாகி, வரி கட்டும் சாதாரண மண்ணானது. மக்கள் தங்கள் காட்டுக்கே பங்குதாரர் ஆனார்கள். மருத்துவமனை மூடியது. வரிச்சுமை தாங்காமல் ஏரிக்கரையில் மனை போட்டு வெளியாருக்கு விற்க வேண்டிவந்தது. மெனாமினிப் பெண் தலைவர் ஏடா டியர் முதலானோர் போராடி, 1973 டிசம்பரில் அங்கீகாரம் திரும்பியது. இடையில் 1968இல் இன்னொரு தீர்ப்பு: அங்கீகாரம் போனாலும் வேட்டை, மீன்பிடி உரிமைகள் போகவில்லை என்றது உச்ச நீதிமன்றம். 1854 ஒப்பந்தத்தில் வேட்டை என்ற சொல்லே கிடையாது. ‘இந்தியர் நிலத்தை வைத்திருக்கும் முறைப்படி’ (இங்கே ‘இந்தியர்’ என்றால் அமெரிக்கப் பூர்வகுடிகள்) வைத்துக்கொள்ளலாம் என்ற தொடரிலேயே அந்த உரிமைகள் அடங்கியிருக்கின்றன என்றது தீர்ப்பு. ஒதுக்கிக் கொடுத்ததாக இருந்திருந்தால், ஒதுக்கீட்டை ரத்து செய்ததும் கதை முடிந்திருக்கும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை எடுத்துப் போடுவதுதான் என் மனத்தாங்கல். ‘டிரைப்’ என்று கண்டால் உடனே ‘பழங்குடி’. மெனாமினிக்கும் பழங்குடி, சோமாலியரின் ‘கபீல்’ அமைப்புக்கும் பழங்குடி. கபீல் என்பது தந்தைவழிக் குலம். ‘குலம்’ என்று எழுதினால் தீர்ந்தது. மெனாமினியோ ஒப்பந்தம் போட்ட ஒரு தேசம். அவர்கள் கல்லூரியின் பெயரிலேயே ‘மெனாமினி தேசம்’ என்றிருக்கிறது. ‘செவ்விந்தியர்’ என்ற சொல்லையும் இன்னும் விடாமல் எழுதுகிறார்கள். தோல் நிறத்தை வைத்து ஒரு மக்களை அழைக்கும் அந்த வழக்கத்தை எப்போதோ விட்டிருக்க வேண்டும்.

அந்த வரியை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “மெனாமினி நீங்கல்நிலத்தில் வறுமை அதிகம், மின்னசோட்டாவின் சோமாலிய அகதிக் குடும்பங்களிலும் வருமானம் குறைவு.” சொல் பழகும்வரை, முதன்முறை வரும் இடத்தில் மட்டும் ‘ரிசர்வேஷன்’ என்பதைப் பக்கத்தில் கொடுத்துவிடலாம். நீங்கல்நிலம் பிடிக்காதவர்கள் ரிசர்வேஷன் என்றே கடைசிவரை எழுதட்டும். ரிசர்வ் வங்கியை நாம் அப்படித்தானே எழுதிக்கொண்டிருக்கிறோம். இட ஒதுக்கீடு மட்டும் வேண்டாம்.