வெறும் வயிறும் போர் தண்ணியும்: தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு

கிருஷ்ணகிரியில் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நேத்து எழுந்ததுல இருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு?" சைக்கிளில் தினமும் பத்து, பதினைந்து கிலோமீட்டர் போய் வருகிறவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். காலை ஐந்தரைக்கு டீ, இரண்டு பிஸ்கட். ஆறரைக்குக் கிளம்பல். வேலைக்குப் போய்ச் சேர்ந்து பத்து மணிக்கு மேல் டிபன். ஒரு மணிக்குச் சாப்பாடு. நான்கு மணிக்கு இன்னொரு டீ. திரும்ப மிதித்து வீடு வந்து, குளித்துவிட்டு, எட்டரைக்குத் தட்டு நிறையக் களியோ சோறோ.

காவேரிப்பட்டணத்தில் இருந்து டவுன் கடைகளுக்கு வருகிறவர்கள், பர்கூர் பக்கம் கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார்கள், இரவுப் பணி முடித்துத் திரும்பும் வாட்ச்மேன்கள், புதிதாகக் கியர் சைக்கிள் வாங்கி அலுவலகத்துக்கு மிதிக்கத் தொடங்கிய இளைஞர்கள் எனப் பலரும் வருகிறார்கள். "பாதி வழியில தலை கிறுகிறுங்குது", "ராத்திரியில கெண்டைக்கால் இழுத்துக்குது", "வீட்டுக்கு வந்ததும் புள்ளைங்க மேல எரிஞ்சு விழறேன்" என்பார்கள். அடுத்த கேள்வி, "எந்தப் பவுடர் வாங்கிக் குடிக்கலாம் மேடம்?"

பவுடர் வேண்டாம். இவர்கள் சாப்பிடும் பொருளில் பெரிய குறை இல்லை. ராகி, சாமை, கொள்ளு, கடலை, மோர் எல்லாம் இந்த மண்ணில் விளைவதும் வீட்டில் இருப்பதும்தான். சாப்பிடும் நேரம்தான் தப்பு. தண்ணீரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அது தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அதிகம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் சாதாரண வேகத்தில் ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்தால் சுமார் 250 முதல் 400 கலோரி செலவாகும். மேடும் எதிர்க்காற்றும் இருந்தால் மேல் கணக்கு. போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் குறைந்தது 500 கலோரி. சட்னி, சாம்பார் சேர்க்காமல் பத்து இட்லிக்கு நிகர். இதை யாரும் கூடுதலாகச் சாப்பிடுவதில்லை. அல்லது மொத்தத்தையும் ராத்திரி எட்டரை மணிக்குச் சாப்பிடுகிறார்கள். மிதித்து முடித்த பிறகு வரும் சாப்பாடு அன்றைய பயணத்துக்கு உதவாது.

தூங்கும்போது உடல் சும்மா இருப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரை குறையாமல் இருக்க, கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்த மாவுச்சத்தை இரவு முழுக்க விட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கையிருப்பே நூறு கிராம் அளவுதான். விடியும்போது பெரும்பகுதி தீர்ந்திருக்கும். தசையில் தனியாக இருப்பு உண்டு, அதனால்தான் வெறும் வயிற்றோடும் கால் மிதித்துவிடுகிறது. ஆனால் தசை தன் இருப்பை ரத்தத்துக்குத் திருப்பித் தராது, மூளைக்கு வேண்டியது கல்லீரலில் இருந்துதான் வர வேண்டும். கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே தலை சுற்றுவது இதனால்தான். லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும் ரோட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

"காலையில வயித்துல எதுவும் எறங்காது மேடம்" என்பார்கள். உண்மைதான். ஐந்தரை மணிக்கு யாருக்கும் நான்கு இட்லி இறங்காது, இறங்கவும் வேண்டாம். கிளம்ப அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழம், அல்லது ஒரு டம்ளர் நீர்த்த ராகிக்கூழ் மோர் விட்டு, அல்லது பழைய சோற்றை நாலு வாய் கரைத்து நீராகாரத்தோடு குடித்தால் போதும். இருபது, முப்பது கிராம் மாவுச்சத்து கிடைத்துவிடும். போய்ச் சேர்ந்ததும், முடிந்தால் ஒன்பது மணிக்குள், முழு டிபன். அதில் ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் சுண்டலோ, கெட்டிப் பருப்போ கட்டாயம் இருக்கட்டும்; உழைத்த தசை பழுதுபார்த்துக்கொள்ளப் புரதம் வேண்டும். இட்லிக்குத் தக்காளிச் சட்னி மட்டும் கட்டிக்கொண்டு போனால் அது கிடைக்காது. வேர்க்கடலைச் சட்னி அரைத்தால் கிடைக்கும்.

களியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் களியை விட மாட்டார்கள், நானும் விடச் சொல்ல மாட்டேன். எழுபத்தைந்து கிராம் ராகி மாவில் கிண்டிய ஓர் உருண்டையில் சுமார் 240 கலோரியும் 270 மில்லிகிராம் கால்சியமும் இருக்கும். நார்ச்சத்தும் அதிகம், அதனால் மெதுவாகத்தான் செரிக்கும். மதியம் வேலை இடத்தில் சாப்பிட இதைவிட நல்லது கிடையாது. ஆனால் காலையில் உருண்டையை விழுங்கிவிட்டு உடனே சீட்டில் ஏறினால் நெஞ்சுக்குக் கீழே கல் மாதிரி நிற்கும். களி சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் விட்டு மிதியுங்கள். அவசரம் என்றால் அதே மாவைக் கூழாக்கிக் குடியுங்கள்.

டீ குடிக்காதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். டீயில் இருப்பவை ராகியிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் செய்யும். சைக்கிளில் மூச்சு வாங்குகிறது என்று வரும் பெண்களுக்கு ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்வேன். 12-க்குக் கீழே இருந்தால் எந்த உணவுத் திட்டமும் அப்புறம்தான், முதலில் டாக்டர்.

காலைப் பயணத்தைவிட மாலைப் பயணம்தான் பலருக்கும் படுத்துகிறது. ஒரு மணிக்குச் சாப்பிட்டது ஆறு மணிக்கு எங்கே இருக்கும்? நடுவில் டீக்கடையில் இரண்டு போண்டா. எண்ணெய்ப் பலகாரம் வயிற்றை விட்டு நகர நேரமாகும். குனிந்து மிதிக்கும்போது நெஞ்சுக்கு ஏறி எரியும். போண்டாவுக்குப் பதில் பொட்டுக்கடலையும் வெல்லமும், இரண்டு கடலை மிட்டாய், வாழைப்பழம், அவித்த தட்டைப்பயறு என்று ஏதாவது ஒன்று, கிளம்ப ஒரு மணி முன்னால். காவேரிப்பட்டணத்துக்காரர்கள் நிப்பட்டுக்கு (எண்ணெயில் பொரித்த தட்டை) விலக்கு கேட்பார்கள். அதையும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள். மாங்காய் சீசனில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய பெங்களூரா மாங்காய்க் கீற்று மட்டும் நான் தடுக்காதது; வியர்த்து வந்தவருக்கு அந்த உப்பு நல்லதே.

மாலையில் இதைச் சாப்பிட்டால் எட்டரை மணித் தட்டு தானாகக் குறையும். "சைக்கிள் ஓட்டியும் தொப்பை குறையல" என்கிறவர்கள் இதையே ஒரு மாதம் செய்து பார்க்கலாம்.

இனி தண்ணீர். யாருக்கு எவ்வளவு வேண்டும் என்பதை நான் ஊகிப்பதில்லை, அளக்கச் சொல்வேன். கிளம்பும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையோடு எடை பாருங்கள். போய்ச் சேர்ந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். வழியில் எதுவும் குடிக்கவில்லை என்றால், குறைந்த ஒவ்வொரு அரைக் கிலோவும் நீங்கள் இழந்த அரை லிட்டர். குடித்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். மார்கழிப் பனியில் ஒருவருக்குக் கால் லிட்டர் போகும். அதே ஆளுக்கு அக்னி நட்சத்திரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் போகும். இருவேறு காலத்தில் ஒரு முறை அளந்தால் போதும். தினசரிக்கு மூத்திரத்தின் நிறத்தைப் பாருங்கள்: வெளிர்மஞ்சள் சரி, கடுமஞ்சள் போதாது. தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் போய்க்கொண்டே இருந்தால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள். அதுவும் உடலின் உப்பை நீர்க்கவைத்துவிடும்.

ஒரு மணி நேரத்துக்குக் குறைவான பயணத்துக்கு வெறும் தண்ணீர் போதும், உப்பு சாப்பாட்டில் இருந்தே வந்துவிடும். வெயிலில் வேலையும் பார்த்துவிட்டு மிதிக்கிறவர்களுக்குத்தான் உப்பு சேர்த்த பானம் வேண்டும். ஒரு லிட்டர் நீர்மோருக்குத் தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் சீரகம், கறிவேப்பிலை. ஸ்டீல் பாட்டிலில் எடுத்துப் போய் மதியத்துக்குள் தீர்த்துவிடுங்கள், பிறகு புளித்துவிடும். குளுக்கோஸ் பவுடரில் பெரும்பாலும் சர்க்கரைதான், வியர்வையில் போன உப்பை அது ஈடுகட்டாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. நல்லதுதான், ஆனால் மோருக்குப் பதில் ஆகாது. ரத்தக்கொதிப்பு, சிறுநீரகப் பிரச்சினை, நீர் மாத்திரை உள்ளவர்கள் உப்பையும் இளநீரையும் தாங்களாகக் கூட்டக் கூடாது.

பெண்களிடம் தண்ணீர் பற்றிப் பேசினால் சிரித்துவிட்டு, "எங்க போறது மேடம்?" என்பார்கள். வழியில் கழிப்பறை இல்லை, வேலை இடத்தில் இருப்பதும் போகிற மாதிரி இல்லை. அதனால் காலையில் இருந்தே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பும் கல்லடைப்பும் அப்படித்தான் வந்து சேர்கின்றன. இதற்கு முழுத் தீர்வு என் கையில் இல்லை, அதை முதலாளிகளும் பஞ்சாயத்தும் செய்ய வேண்டும். என்னால் சொல்ல முடிந்தது நேரம் மாற்றுவது: எழுந்தவுடன், அதாவது கிளம்ப ஒன்றரை, இரண்டு மணி முன்னால், இரண்டு பெரிய டம்ளர் தண்ணீர் குடியுங்கள். மிஞ்சியது வீட்டிலேயே இறங்கிவிடும். வழியில் இரண்டிரண்டு வாய் மட்டும். வேலை முடிந்து வீடு வந்ததும் மீதியை ஈடுகட்டுங்கள்.

சர்க்கரை நோயாளிகளில் இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்பும் முன் ஒரு முறை அளந்து பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். கை நடுங்கி, குளிர் வியர்வை வந்தால் இறங்கி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் உட்காருங்கள். மாத்திரை அளவை நீங்களே குறைக்காதீர்கள்.

முதலில் சொன்ன அந்தச் சிக்கலுக்கு வருகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் பாறையில் இருந்து ஃபுளோரைடு கரைந்து வருகிறது. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு முதுகும் மூட்டும் விறைத்துப்போவது எல்லாம் இதனால் வருபவை. இதற்காகவே 2008-இல் ஜப்பான் நிதியுதவியோடு தொடங்கி 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். "எங்க வீட்டுல ஒகேனக்கல் தண்ணிதான் மேடம்" என்பார்கள். வீட்டில் சரி. சைக்கிள் பாட்டிலை வழியில் எங்கே நிரப்புகிறீர்கள்? கட்டடம் எழும்பும் இடத்தின் போர், தோட்டத்து மோட்டார், ரோட்டோரக் கைப்பம்பு.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை என்பது வரம்பு. அந்த வரம்பில் உள்ள தண்ணீரையே இரண்டு லிட்டர் குடிப்பவருக்கு 3 மில்லிகிராம் சேரும். வெயிலில் மிதித்து ஐந்து லிட்டர் குடிப்பவருக்கு 7.5. டீயிலும் ஃபுளோரைடு உண்டு, அது தனி. நிறைய தண்ணீர் குடியுங்கள் என்ற அறிவுரை வேறு ஊரில் நல்லது. இங்கே எந்தத் தண்ணீர் என்று சேர்த்துச் சொல்லாவிட்டால் கெடுதல். காய்ச்சினால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. எந்திரம் நீக்கும். ராகியிலும் மோரிலும் உள்ள கால்சியம் குடலிலேயே ஓரளவு பிடித்துவைக்கும், ஆனால் அதை நம்பிப் போர் தண்ணீர் குடிக்கலாம் என்று ஆகாது.

ஆகவே இரண்டு பாட்டில் கட்டிக்கொள்ளுங்கள், இரண்டையும் வீட்டுக் குடிநீரில் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். வேலை இடத்தில் போர் தண்ணீர் ஒன்றுதான் கதி என்றால், ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் அதைப் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். அறிக்கையில் ஃபுளோரைடு வரியைக் காட்டச் சொல்லுங்கள். 1.5-க்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரைக் கை கால் கழுவ மட்டும் வைத்துக்கொண்டு, அறிக்கையின் நகலை மேஸ்திரியிடமோ முதலாளியிடமோ கொடுத்துக் கேன் தண்ணீர் கேளுங்கள்.