மின்சாரம் போனாலும் அறுபடாத பாதை: பைபாஸ் ரிலே எப்படி வேலை செய்கிறது?

வலையமைப்புக்குள் நுழைய முயலும் தாக்குதல்களைக் கண்டறிந்து நிறுத்தும் ஊடுருவல் தடுப்புச் சாதனம் பெரும்பாலும் இணையக் கேபிளின் நடுவிலேயே பொருத்தப்படுகிறது. ரவுட்டரிலிருந்து வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் அதன் ஒரு போர்ட் வழியே நுழைந்து, சோதிக்கப்பட்டு, மறு போர்ட் வழியே அலுவலக சுவிட்சுக்குச் செல்கிறது. அப்படிப்பட்ட சாதனத்தின் பவர் சப்ளை பழுதானால், பாதுகாப்போடு சேர்ந்து இணைப்பும் போய்விடும். இதைத் தடுப்பதற்காகவே அந்த இரண்டு போர்ட்டுகளுக்கும் இடையே பைபாஸ் ரிலேக்கள், அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சிறு சுவிட்சுகள், வைக்கப்படுகின்றன.

ரிலேயின் சுருளில் மின்சாரம் ஓடும்வரை அதன் காந்த இழுப்பு தொடுமுனைகளைச் சாதனத்தின் ஈதர்நெட் சிப் பக்கம் பிடித்து வைத்திருக்கும். மின்சாரம் நின்றதும் காந்தம் செயலிழக்க, உள்ளிருக்கும் ஸ்பிரிங் தொடுமுனைகளை மறுபக்கம் தள்ளிவிடுகிறது. கிகாபிட் ஈதர்நெட் பயன்படுத்தும் 8 கம்பிகளும் ஒரு போர்ட்டிலிருந்து மறு போர்ட்டுக்கு நேரடியாக இணைந்துவிடுகின்றன. சாதனத்தை அணைக்கும்போது ‘டக்’கென்று கேட்கும் மெல்லிய ஓசை இதுதான். சில மில்லி நொடிகளில் முடியும் இந்த மாற்றத்திற்கு மின்சாரமும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம் என்பதே இந்த வடிவமைப்பின் அழகு. ஒளியிழைக் கேபிளில் கம்பித் தொடுமுனைகளுக்கு வேலையில்லை என்பதால், நுண்ணிய கண்ணாடியையோ பட்டகத்தையோ நகர்த்தி ஒளியின் பாதையைத் திருப்புகிறார்கள். அதில் சிறிதளவு ஒளி இழப்பு ஏற்படுவதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

மின்சாரம் இருந்தும் மென்பொருள் உறைந்துபோவது இதைவிடத் தொல்லையானது, ஏனெனில் சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டிருப்பதால் ரிலே அசையாது. இதற்காக வாட்ச்டாக் டைமர் என்ற காலக்கணிப்பான் சேர்க்கப்படுகிறது. மென்பொருள் குறித்த இடைவெளிக்குள் அதை மீண்டும் மீண்டும் புதுப்பிக்கத் தவறினால், அதுவே ரிலேயை விடுவித்துவிடும். தனிப் பெட்டியாக வரும் பைபாஸ் சுவிட்ச் வேறு வழியைக் கையாள்கிறது: ‘இதயத்துடிப்பு’ எனப்படும் சிறு சோதனைப் பொட்டலங்களைப் பாதுகாப்புச் சாதனத்தின் ஒரு பக்கம் செலுத்தி, அவை மறுபக்கம் வந்து சேர்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், தொடர்ந்து சில வராமல் போனால் போக்குவரத்தை மாற்றுப் பாதையில் விடும்.

ரிலே நொடிக்கும் குறைவான நேரத்தில் மாறினாலும் இணைப்பு அவ்வளவு விரைவில் மீள்வதில்லை. இருமுனைச் சாதனங்களும் இப்போதுதான் நேருக்கு நேர் சந்திப்பதால், வேகத்தை மீண்டும் பேசி முடிக்கச் சில நொடிகள் ஆகும். சுவிட்சில், பொட்டலங்கள் வலையமைப்பில் சுற்றிச் சுற்றி வராமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறையின் பழைய வடிவம் இயங்கினால், 15 நொடி கவனிப்பும் 15 நொடி கற்றலுமாக மேலும் 30 நொடி கழியும். ஒரு முனை 100 மெகாபிட்டிலும் மறுமுனை 1000 மெகாபிட்டிலும் கட்டாயமாக அமைக்கப்பட்டிருந்தால் இணைப்பு வரவே வராது. நடுவிலிருந்த சாதனம் இரு பக்கமும் தனித்தனியாகப் பேசி, அந்த முரண்பாட்டை அதுவரை மறைத்து வைத்திருந்தது. கேபிள் நீளமும் அப்படித்தான்: ஒரு பக்கம் 70 மீட்டர், மறுபக்கம் 60 மீட்டர் என்றால் தனித்தனியே சரி, பைபாஸில் அவை சேர்ந்து 130 மீட்டராகி, செப்புக் கம்பி ஈதர்நெட்டின் 100 மீட்டர் வரம்பைத் தாண்டிவிடும்.

எல்லாச் சாதனங்களுக்கும் பைபாஸ் பொருந்தாது. உள் வலையின் முகவரிகளைப் பொது முகவரியாக மாற்றித்தரும் ஃபயர்வால் செயலிழக்கும்போது கம்பிகளை இணைத்துவிட்டால், 192.168 என்று தொடங்கும் முகவரிகள் அப்படியே வெளியேறும். இணையத்தில் அவற்றுக்குப் பாதையே இல்லாததால் பதில் திரும்பாது. அங்கே தேவைப்படுவது இரண்டாவதாக ஒரு ஃபயர்வால். வங்கிச் சேவையகம் போன்றவற்றின் முன்னே நிற்கும் சாதனத்திலும், சோதிக்கப்படாத போக்குவரத்தை அனுமதிப்பதைவிட இணைப்பைத் துண்டித்துவிடுவதே பொருத்தம் என்பது என் கருத்து. பைபாஸ் தேவை என்று முடிவெடுத்த இடத்தில், பராமரிப்பு நேரத்தில் பவர் கேபிளைப் பிடுங்கி, எத்தனை நொடியில் இணைப்பு மீள்கிறது என்று அளந்துவிட வேண்டும். கேபிள் நீளச் சிக்கலும் வேக முரண்பாடும் அந்தச் சோதனையில் வெளிப்பட்டுவிடும்.