தாத்தா போரைப் பற்றிப் பேசத் தொடங்கினால்

போர் விமானத்தில் பறந்த ஒருவர், எண்பது வயதைத் தாண்டியபின் திடீரென்று அந்தக் காலத்தையே பேசிக்கொண்டிருந்தால், "மறதி நோயா டாக்டர்?" என்றுதான் வீட்டார் முதலில் கேட்கிறார்கள். முதியோர் மனநல மருத்துவத்தில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பல நேரங்களில் அது நோயே அல்ல. வேலை, குடும்பம் என்று ஓடிய காலத்தில் அடங்கிக் கிடந்த நினைவு, ஓய்வுக்குப் பிறகோ மனைவி மறைந்த பிறகோ மேலே வருகிறது. ஆனால் ஓரிரு நாளில் பேச்சு குழம்பி, இரவு பகல் தெரியாமல் போனால் அது வேறு சங்கதி. தொற்றோ மருந்தோ காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இத்தனை காலம் ஏன் பேசவில்லை? இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். மாண்டவர்கள் 55,573 பேர். லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானம் ஒன்றில் ஏழு பேர். ஒருவரின் ஒரு சுற்றுப் பணி முடிய 30 தாக்குதல் பறப்புகள். இனிப் பறக்க முடியாது என்று மனம் உடைந்தவர்களில் சிலருக்கு 'மன உறுதி அற்றவர்' என்ற முத்திரை விழுந்தது. போர் தரும் மனக்காயத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் 'பிடிஎஸ்டி' (PTSD) என்ற இன்றைய பெயர் கிடைத்ததே 1980இல்தான். வாயைத் திறந்தால் கோழை என்பார்கள் என்று இருபது வயதில் கற்றுக்கொண்டவர், பேரனிடம் மட்டும் எப்படிப் பேசுவார்?

பேச வைக்க நான் நம்புவது பறப்புப் பதிவேட்டைத்தான். தேதி, விமானத்தின் எண், இலக்கு, பறந்த நேரம். அதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. பிரிட்டிஷ் விமானப்படையில் இரவுப் பறப்பைச் சிவப்பு மையில் எழுதுவார்கள். அந்தச் சிவப்பு வரி ஒன்றில் விரலை வைத்து, "அன்றைக்கு உங்களோடு யார் யார் வந்தார்கள்?" என்று கேளுங்கள். கூட்டாளிகளின் பெயர்கள் வரும், குளிர் வரும், என்ஜின் சத்தம் வரும். விமானம் திரும்பிய விதத்தை அவர் கையே காற்றில் சாய்ந்து காட்டும். அப்போது இடையில் பேசாதீர்கள். தேதி தவறினாலும் திருத்த வேண்டாம். பதிவேட்டோடு பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

முதலில் காது. என்ஜின் இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் இருந்த காதுகள் அவை. தொலைக்காட்சியை அணைத்து, முகம் தெரியும்படி எதிரே உட்காருங்கள். பதில் வராததை விருப்பமின்மை என்று குடும்பங்கள் எத்தனை முறை தவறாக எடுத்துக்கொள்கின்றன!

"எத்தனை பேரைக் கொன்றீர்கள்?" என்று சிறுவர்கள் கேட்டுவிடுவார்கள், முன்பே சொல்லி வையுங்கள். குண்டு விழுந்த ஊரில் யார் இருந்தார்கள் என்ற கணக்கு அவர் மனத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். "போதும்" என்றால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தூக்கம் கெட்டு, குடி கூடி, வாழ்ந்தது போதும் என்கிற பேச்சு வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். கேட்க ஆள் இருந்தால் மட்டும் அது தீராது.

1940இல் ஜெர்மன் விமானப்படையை எதிர்த்து பிரிட்டன் வான்போரில் பறந்தவர்களில் கடைசியாக எஞ்சியிருந்த ஜான் ஹெமிங்வே 2025 மார்ச்சில், 105ஆம் வயதில் மறைந்தார். கொரியா, வியட்நாம், 1971 போர்களில் பறந்தவர்களுக்கும் வயதாகிவிட்டது. அவர் சம்மதித்தால் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள். குழுப் புகைப்படத்தில் யார் யார் என்று இன்றே கேட்டு, பின்புறம் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.