வருத்தம் என்றாலே ‘டிப்ரஸ்டு’ தானா?

போன வாரம் என்னிடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்கும் ஒரு பையன் இன்டர்வியூ முடித்துவிட்டு வாடிய முகத்தோடு வந்தான். முந்தைய கம்பெனியில் வேலை கிடைக்காதபோது எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள், இவன் ‘ஐ வாஸ் டோட்டலி டிப்ரஸ்டு’, அதாவது மனச்சோர்வில் மூழ்கிக் கிடந்தேன் என்று சொல்லியிருக்கிறான். அதோடு பேச்சு திசைமாறி, இப்போது சரியாகிவிட்டதா, வேலை அழுத்தத்தைத் தாங்குவீர்களா என்றே போயிருக்கிறது. அப்படிக் கேட்டது தப்பு, அது வேறு விஷயம். ஆனால் அவனுக்கு இருந்தது ரெண்டு நாள் ஏமாற்றம். ‘டிஸப்பாயிண்டட்’ என்றால் முடிந்தது. இந்த வருஷம் இதேபோல் வந்த மூன்றாவது ஆள் இவன்.

பெரிய வார்த்தை போட்டால்தான் இங்கிலீஷ் நன்றாக இருக்கும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? உணர்ச்சிச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. தமிழில் இதை நாம் தப்பாகச் செய்வதே இல்லை. பஸ் தாமதமானால் எரிச்சல் என்போம், கொந்தளித்தேன் என்று சொல்ல மாட்டோம். ஆங்கிலத்திலும் அப்படித்தான்: ‘அன்னாய்ட்’ என்பது எரிச்சல், ‘ஆங்ரி’ கோபம், ‘ஃப்யூரியஸ்’ கடுங்கோபம். பத்து நிமிஷம் லேட்டாக வந்ததற்கு ‘ஐ ஆம் டெவாஸ்டேட்டட்’ என்று மேனேஜருக்கு மெயில் போட்டால், வீட்டில் ஏதோ துக்கம் என்றுதான் அவர் நினைப்பார். ‘ஸாரி’ போதும்.

தமிழில் ஒரே சொல், ஆங்கிலத்தில் மூன்று என்கிற இடமும் உண்டு. வெட்கம் என்பதையே பாருங்கள். புது ஆட்களிடம் பேசக் கூசுவது ‘ஷை’, நாலு பேர் முன்னால் தடுக்கி விழுந்தால் ‘எம்பாரஸ்டு’, செய்த தப்பை நினைத்துக் குறுகினால் ‘அஷேம்டு’. சந்தேகம் கேட்கத் தயங்கிவிட்டு ‘ஐ ஆம் அஷேம்டு’ என்கிறார்கள், கேட்கவே கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம், ‘ஐ ஆம் போரிங்’ என்றால் நான் அறுவையான ஆள் என்று அர்த்தம். ‘போர்டு’ என்று சொல்லுங்கள். ‘ஐ ஆம் டென்ஷன்’ வேண்டாம், ‘டென்ஸ்’. தமிழில் ‘ஃபீல் பண்ணாதே’ என்றால் வருத்தப்படாதே, ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் ஃபீலிங்’ என்று நிறுத்தினால் பாதி வாக்கியம்தான்.

நூறு சொல் பட்டியலைத் தயவுசெய்து மனப்பாடம் செய்யாதீர்கள். முதலில் தமிழில் கேட்டுக்கொள்ளுங்கள்: எனக்கு என்ன, எவ்வளவு, யார்மேல்? பிறகு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். ‘ஆங்ரி’க்குப் பின்னால் ‘ஆன்’ வராது, ‘வித்’ வரும் என்பதெல்லாம் அங்கேதான் பிடிபடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ரெண்டு வாரத்துக்கும் மேலாக, நாளில் பெரும்பகுதி மனம் இருண்டே கிடந்து, எதிலும் ஆர்வமில்லாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், அங்கே ‘டிப்ரஷன்’ என்ற சொல்லைச் சொல்லத் தயங்காதீர்கள். டாக்டரைப் பாருங்கள், இல்லை அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பையனுக்கு வியாழக்கிழமை இன்னொரு இன்டர்வியூ. ‘ஐ வாஸ் டிஸப்பாயிண்டட், ஸோ ஐ ப்ரிப்பேர்ட் அகெய்ன்’ என்று நேற்று நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனான்.