வீட்டுக்குப் போன பிறகு வரும் படுக்கைப் புண்: தடுக்க முடியுமா என்று சோதிப்பது எப்படி?

தண்டுவடம் அடிபட்டவருக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே உணர்வு குறைந்துபோகும் அல்லது முழுவதும் போய்விடும். உட்கார்ந்த இடம் வலித்தால் நாம் நம்மையறியாமல் நகர்ந்து உட்காருகிறோம். அவருக்கு அந்த வலி தெரியாது. பிட்ட எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவே நசுங்கும் தசையில் ரத்த ஓட்டம் தடைபட்டு, சில மணி நேரத்தில் திசு சாகத் தொடங்கும். மேலே தோல் லேசாகக் கறுத்திருக்கும்போதே உள்ளே ஆழமாக அழுகியிருக்கலாம். கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

மருத்துவமனையில் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க ஆள் உண்டு. வீட்டுக்குப் போன பிறகு அந்த வேலையை யார் செய்வது? வங்கதேசத்தில், டாக்கா அருகே சாவரில் இருக்கும் சிஆர்பி மறுவாழ்வு மையத்தில் இந்தக் கேள்வியை முறையாகச் சோதித்தார்கள். வீடு திரும்பிய 410 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு ஆண்டுகளில் 36 தொலைபேசி அழைப்புகள், 3 வீட்டு வருகைகள். மற்றக் குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும்.

அழைப்பு என்றால் நலம் விசாரிப்பது அல்ல. "புண் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அவரால் உணரவும் முடியாது, தன் பின்புறத்தைப் பார்க்கவும் முடியாது. "இன்று காலை கண்ணாடி வைத்துப் பார்த்தீர்களா? வீட்டில் யாராவது தொட்டுப் பார்த்தார்களா?" என்று கேட்க வேண்டும். நம் நிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கல் மாதிரியோ இருந்தால் அதுதான் முதல் அறிகுறி. அந்த இடம் பழையபடி ஆகும்வரை அதன்மேல் பாரம் படக்கூடாது.

அடுத்து குஷன். அவர் உட்கார்ந்திருக்கும்போதே குஷனுக்கு அடியில், பிட்ட எலும்புக்கு நேர் கீழே உள்ளங்கையை நுழைத்துப் பார்க்க வேண்டும். எலும்பு கையில் முட்டினால் ஸ்பாஞ்ச் செத்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். அழுத்தத்தைக் குறைக்க, கைகளை ஊன்றி உடலைச் சில விநாடி தூக்குவது போதாது. அழுத்தம் விலகிய பிறகு திசுவில் ஆக்சிஜன் பழைய நிலைக்கு வர, ஓர் ஆய்வில் சராசரியாக 1 நிமிடம் 51 விநாடி ஆனது. அவ்வளவு நேரம் கைகளை ஊன்றி உடலைத் தூக்கிப் பிடிக்கப் பெரும்பாலோரால் முடியாது. அதனால் முன்பக்கம் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிடம் இருக்கச் சொல்வதே சரி.

இத்தனையும் சொல்லிக் கொடுத்த பிறகு பலனை எதை வைத்து அளப்பது? சோதனையிலேயே சிக்கலான இடம் இதுதான். புண்களை எண்ணினால் போதும் என்று தோன்றும். ஆனால் அழைப்பு வரும் குழு தினமும் கண்ணாடி பார்க்கிறது, சின்னப் புண்ணையும் கண்டுபிடித்துச் சொல்கிறது. மற்றக் குழுவில் அதே புண் யார் கண்ணிலும் படாமல் போகும். கணக்கில் பார்த்தால், நன்றாகக் கவனிக்கப்பட்ட குழுவுக்கே புண் அதிகம்! சாவரில் முதன்மை அளவுகோலாக இறப்பை எடுத்துக்கொண்டார்கள். அதில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

அழைப்புக் குழுவில் 15 பேரும் மற்றக் குழுவில் 16 பேரும் இறந்தார்கள். வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். இதை வைத்து "போன் செய்வது வீண்" என்று முடிவு கட்டுவது தவறு. மொத்தமே 31 இறப்புகள் என்பதால், உண்மையான பலன் கொஞ்சம் இருந்திருந்தாலும் எண்ணிக்கையில் பிடிபடாது. நல்ல மறுவாழ்வுப் பயிற்சி பெற்று வீடு திரும்பியவர்களையே இரு குழுக்களாகப் பிரித்ததால், அழைப்பு கூடுதலாகச் சேர்க்கக்கூடியதும் குறைவாகவே இருந்திருக்கலாம். இன்னொன்று, புண்களை அளவெடுக்கப் போகிறவர் எந்தக் குழுவில் ஆழமான புண்ணைக் கண்டாலும் சிகிச்சைக்கு அனுப்பாமல் வரக்கூடாது. அதனால் குழுக்களுக்கு இடையிலான இடைவெளி இன்னும் சுருங்கும். சுருங்கினாலும் அனுப்பத்தான் வேண்டும்.

அளவெடுப்பவருக்கு, எதிரில் இருப்பவர் எந்தக் குழு என்று தெரியக்கூடாது. "உங்களுக்கு யார் போன் செய்தார்கள் என்று சொல்லாதீர்கள்" என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். புண்ணின் நீளம் தலையிலிருந்து கால் நோக்கி, அகலம் அதற்குக் குறுக்கே. ஒவ்வொரு முறையும் அவரை ஒரே நிலையில் படுக்கவைத்தே அளக்க வேண்டும். இடுப்பை மடக்கினால் தோல் இழுபட்டு, அதே புண் வேறு அளவில் தெரியும்.