பழைய காருக்குப் புகைச் சான்று: எதைக் கழற்றலாம், எதைத் தொடக் கூடாது

ஊட்டி, குன்னூர் பக்கம் அம்பாசடர், பியட் வைத்திருப்பவர்களின் காதில் அடிக்கடி விழும் பேச்சு இது: "புகைக் கட்டுப்பாட்டுச் சாமானைக் கழற்றிப் போடு, மேட்டில் நன்றாக இழுக்கும்." அறுபதுகளில் வந்த வண்டியில் கழற்ற என்ன இருக்கிறது? நம் நாட்டில் புது பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் சாதனம்) வந்ததே 1995இல், அதுவும் முதலில் நான்கு பெருநகரங்களில்தான்.

எழுபதுகளின் வெளிநாட்டுக் கார் என்றால் ஏர் பம்ப் (புகைப் பாதையில் காற்றைச் செலுத்துவது), ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி விடுவது) இருக்கலாம். பழுதானால் அதே வகைப் பாகம் தேடிப் போடுங்கள். கழற்றி ஓட்டையை அடைக்க வேண்டாம். அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு.

மிகப் பழைய வண்டிகளுக்கென 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் பதிவு விதிகளும் பெரிய மாற்றத்தை ஏற்பதில்லை. முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த, சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கே அது கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000. எண்ணில் 'விஏ' எழுத்து வரும். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் மார்க்கெட்டுக்கு ஓட்டுபவர் சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வது நல்லது.

புகைச் சான்றில் பழைய வண்டிக்குச் சலுகை ஏற்கெனவே இருக்கிறது. பாரத் ஸ்டேஜ் 2க்கு (புது வண்டிகளுக்கான புகைக் கட்டுப்பாட்டு விதிகளில் ஒரு கட்டம்) முந்தைய பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1,500 பங்கு) வரை போகலாம். பாரத் ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு 0.5 சதவீதம், 750 பிபிஎம். அப்படியும் மலையில் ஏன் தேறாமல் போகிறது? ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். மலையடிவார மேட்டுப்பாளையத்தில் டியூன் செய்த கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்) இங்கே காற்றுக்கு மீறிப் பெட்ரோலை விடும், கார்பன் மோனாக்சைடு ஏறிவிடும்.

மருந்து எளியது. ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள், பிளக்கைப் பாருங்கள், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கார்புரேட்டரில் உள்ள ஐட்லிங் மிக்சர் ஸ்க்ரூவை (நின்று ஓடும்போது கலவையை அமைக்கும் திருகு) சரிசெய்யுங்கள். எப்போதும் மேலேயே ஓடும் வண்டி என்றால் ஒரு படி சிறிய மெயின் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) போதும். சோதனைக்கு நிற்கும்போது சோக் குமிழ் முழுக்க உள்ளே தள்ளியிருக்கிறதா என்றும் பாருங்கள், பலரும் கோட்டை விடுவது அங்கேதான். இப்படி அமைத்த வண்டியைக் கோயம்புத்தூருக்கு இறக்கினால் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். நீண்ட நாள் கீழே ஓட்டுவதாக இருந்தால், ஜெட்டை மாற்றியிருந்தால் பழைய ஜெட்டையே திரும்பப் போட்டு, ஸ்க்ரூவை மறுபடியும் அங்கே வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.