பிள்ளைக்கு அவசர ஆபரேஷன்: அம்மாவின் கையெழுத்தே போதும்

கானாடுகாத்தானிலிருந்து இரவு பதினொரு மணிக்கு 108 வண்டியில் காரைக்குடிக்கு வந்து சேர்கிறான் ஒன்பது வயதுப் பையன். வலது அடிவயிற்றைத் தொடவிடாமல் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடக்கிறான். குடல்வால் வீங்கியிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். அப்பா சிங்கப்பூரில். அவர் போனை எடுக்கட்டும் என்று படிவத்தோடு நிற்கிறார் அம்மா.

அப்படி நிற்க வேண்டியதில்லை. 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்பதுதான் மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதி. தந்தை வேறிடத்தில் இருக்கும்போது தாயே இயற்கைப் பாதுகாவலராக, அதாவது பெற்றவர் என்ற முறையில் சட்டம் ஏற்கும் பாதுகாவலராக, செயல்படலாம் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பையன் அப்பத்தாவிடம் வளர்கிறானா? 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக, அவனைச் சட்டப்படி தம் பொறுப்பில் வைத்திருப்பவர் தரும் சம்மதத்தையும் இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-ஆம் பிரிவு ஏற்கிறது. சம்மதம் தர ஆளே இல்லை, தாமதித்தால் உயிர் போகும் என்றால், அதே சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி மருத்துவர் நல்லெண்ணத்தோடு சிகிச்சையைத் தொடங்கலாம்.

கையெழுத்து வாங்கினால் மட்டும் அது சம்மதம் ஆகிவிடாது. என்ன செய்யப் போகிறார்கள், எதற்காக, வேறு வழி உண்டா, என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை விளங்கும்படி சொல்ல வேண்டும் என்கிறது சமீரா கோலி வழக்கின் 2008-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஆங்கிலப் படிவத்தை நீட்டி, "இங்கே போடுங்கம்மா" என்று விரலால் இடம் காட்டுவது விளக்கம் ஆகாது. "தமிழில் சொல்லுங்கள், டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை. மயக்க மருந்தைப் பற்றி அதற்கான டாக்டரிடமே தனியாகக் கேளுங்கள். கையெழுத்துப் போட்டதால் பிறகு நடக்கும் கவனக்குறைவைத் தட்டிக் கேட்கும் உரிமை பறிபோகாது. இந்தப் பயத்தில் பேனாவைக் கீழே வைப்பவர்கள் உண்டு. சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

உங்கள் பக்கமும் மறைக்கக் கூடாதது ஒன்று உண்டு. கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டான்? வலிக்கிறதே என்று அப்பத்தா பத்து மணிக்கு ஊட்டிய இரண்டு இடியாப்பத்தையும் சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். அப்பத்தாவைத் திட்டுவதற்காக யாரும் அதைக் கேட்பதில்லை.